கால் சென்ட் பூக்காடு

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான் உண்டு. அதையும் அந்தப் பூ லேசில் கொடுத்துவிடாது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை நீளவாக்கில் பிளந்துகொள்ளும். தூள் வெளியே வந்துவிடும். வருகிற பூச்சி அள்ளிக்கொண்டு போகும். கத்தரியின் மஞ்சள் பைகள் அப்படிப் பிளப்பதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு துளைகள் மட்டும் திறக்கும். மிளகுத்தூள் டப்பாவைப் போலக் குலுக்கினால்தான் தூள் விழும்.

குலுக்கத் தெரிந்த தேனீக்கள் நம் ஊரில் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது அமெகில்லா என்ற நீலப்பட்டைத் தேனீ. கருத்த வயிற்றில் வெளிர்நீலக் கோடுகள் வரிவரியாக ஓடும். ஓரிடத்தில் நிற்காமல் விட்டுவிட்டுப் பறக்கும். பூவைக் கால்களால் கட்டிப்பிடித்து, சிறகை விரிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் இயக்கி உடம்பையே அதிரவைக்கும். காலை வெயில் ஏறும் நேரத்தில் கத்தரிப் பாத்தியோரம் நின்றால் இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். பறக்கும்போது தாழ்ந்திருக்கும் ரீங்காரம், பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று மேலே ஏறும். ஒரு நொடி, இரண்டு நொடி, அவ்வளவுதான். அடுத்த பூவுக்குப் போய்விடும். இதன் ஆஸ்திரேலிய உறவினம் ஒன்றைப் படம்பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அது நொடிக்கு ஏறக்குறைய 350 முறை தலையால் மகரந்தப் பையை முட்டுவது தெரிந்தது. பெரிய கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சன் தேனீயும் பூவை அதிர்த்து மகரந்தம் எடுக்கும். பெட்டியில் வைத்து வளர்க்கிறோமே, அந்த அடுக்குத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய செடி. காற்று ஆட்டினாலும் கொஞ்சம் தூள் உதிரும். ஆனால் அதிர்த்தெடுக்கும் தேனீ வந்துபோகும் பாத்தியில் காய்ப்பு கூடுதலாக இருக்கும். தக்காளிக்கும் இதே கணக்குதான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கத்தரிப் பூவில் தேன் இல்லை என்றால், அதில் நாள் முழுவதும் பாடுபடும் அமெகில்லா எதைக் குடித்து உயிர்வாழ்கிறது? மகரந்தம் குஞ்சுகளுக்கான புரதம். பறக்க வேண்டுமானால் சர்க்கரை வேண்டும், அதாவது தேன். அதைப் பக்கத்தில் வேறு பூவில்தான் தேட வேண்டும். வரப்பில் தும்பை இருந்தால் தும்பையில் குடிக்கும், துளசி இருந்தால் துளசியில். வரப்பை எல்லாம் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக வைத்திருக்கும் தோட்டத்தில் அந்தத் தேனீக்குப் புரதம் உண்டு, எரிபொருள் இல்லை. அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பூச்சிகளுக்காகப் பூ விதைப்பதன் அவசியம் இங்கேதான் தொடங்குகிறது. தோட்டம் அழகாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு.

இப்போது இணையக் கடைகளில் ‘காட்டுப்பூக் கலவை’ என்று விதைப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. அட்டையில் செம்பாப்பியும் நீலக் கார்ன்ஃப்ளவரும் பூத்துக் குலுங்கும் படம். அந்தக் காட்சியின் சொந்த ஊர் ஐரோப்பா. அங்கே காட்டுப்பூ விதைக்கும் வழக்கம் வந்ததற்கு உருக்கமான காரணம் உண்டு. 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் பூப்புல்வெளிகளில் ஏறக்குறைய 97 சதவீதத்தை இழந்தன. உழுதும் உரம் போட்டும் புல் விதைத்தும் அழித்ததை இப்போது விதை தூவி மீட்கப் பார்க்கிறார்கள். அவர்களுடைய கலவைகளில் யெல்லோ ராட்டில் என்ற ஒரு சின்னச் செடிக்குத் தனி மரியாதை. அது புல்லின் வேரில் தன் வேரை ஒட்டவைத்துச் சாறு உறிஞ்சி, புல்லின் கொட்டத்தை அடக்கும்; அந்த இடைவெளியில் மற்றப் பூக்கள் எழும். ஆனால் அதன் விதை மாதக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். மதுரையில் அதற்கு எங்கே போவது? குளிர்ப்பிரதேச விதைகள் பலவும் நம் சமவெளி வெயிலில் முளைக்க மறுக்கும்; முளைத்தாலும் பங்குனி வெயிலைத் தாண்டாது. பொட்டலத்தில் நம் ஊருக்குத் தாக்குப்பிடிப்பவை காஸ்மாஸ், ஜின்னியா போன்ற மெக்சிகோ பக்கத்துச் செடிகள்தான். அவற்றிலும் தேனீ வரும், வண்ணத்துப்பூச்சி வரும். குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பணம் கொடுக்கும்முன் தெருவோரத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்பேன்.

தெருவோரத்தில் என்ன இருக்கிறது? முதலில் தும்பை. சின்ன வயதில் பூவைப் பிடுங்கி அடியில் உறிஞ்சியவர்களுக்கு அதில் தேன் இருப்பது தெரியும். பூவைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கீழ் உதடு அகலமாக, வெள்ளையாக விரிந்திருக்கும், அது இறங்குதளம். மேல் உதடு சிறியது, ரோமம் அடர்ந்தது, குல்லா போல வளைந்தது. அதற்குள்ளேதான் மகரந்தத் தாள்கள் ஒளிந்திருக்கின்றன. தேனீ கீழ் உதட்டில் இறங்கி, குழாயின் அடியிலிருக்கும் தேனுக்காகத் தலையை உள்ளே தள்ளும்போது மேல் உதடு அதன் தலையிலும் முதுகிலும் மகரந்தத்தைத் தேய்த்துவிடும். அமெகில்லாவின் நாக்கு நீளமானது. இந்தக் குழாய் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பூ விழுந்த பிறகு ஒவ்வொரு புல்லிவட்டத்தின் அடியிலும் நான்கு விதைகள்வரை இருக்கும்.

அடுத்தது ஆவாரை. கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, சிறுபீளையோடு சேர்க்கிற அதே ஆவாரம்பூதான். இதுவும் கத்தரியின் கட்சி. தேன் இல்லை, மகரந்தப் பை நுனித்துளை வழியாகத்தான் கொட்டும். ஆனால் இது கத்தரியைவிடத் தந்திரக்காரி. பூவுக்குள் இரண்டு விதமான மகரந்தத் தாள்கள். நடுவிலுள்ள குட்டையானவை தேனீக்கான தீனி. நீண்டு வளைந்தவை, தேனீ தீனி எடுக்கும் மும்முரத்தில் இருக்கையில், அதன் கைக்கு எட்டாத உடம்புப் பகுதியில் தூளைக் கொட்டுகின்றன. அடுத்த செடிக்குப் போவது அந்தத் தூள். தச்சன் தேனீ வந்து அதிர்க்கும்போது முழங்கையளவு தள்ளி நின்றாலே சத்தம் கேட்கும். இலையில் கேட்டோப்சிலியா இன வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். புழு கொஞ்சம் இலை தின்னும். தின்னட்டும்.

கிலுகிலுப்பையும் அதன் உறவான சணப்பும் பெரிய தேனீக்களுக்கானவை. அவரைக் குடும்பத்துப் பூ என்பதால் அடியில் படகு போன்ற இரண்டு இதழ்கள் ஒட்டியிருக்கும். தேனீயின் எடை அதை அழுத்தும்போது படகின் மூக்கு வழியாக மகரந்தம் பிதுங்கி வரும். சின்னத் தேனீயின் எடைக்கு அந்தப் படகு அசையாது. தச்சன் தேனீயும், ரோஜா இலையையும் துவரை இலையையும் வட்டவட்டமாக நறுக்கிக்கொண்டு போகும் இலைவெட்டித் தேனீயும் இதைத் திறக்கும். உழவர்கள் சணப்பைப் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து, பூக்கிற பருவத்தில், அதாவது 45 முதல் 60 நாளுக்குள், மடக்கி உழுதுவிடுகிறார்கள். மண்ணுக்கு அது சரிதான். தேனீக்குச் சோறு தயாராகிற வேளையில் இலையை இழுத்துவிடுகிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். வரப்போரம் ஒரே ஒரு வரிசையை உழாமல் விட்டால் போதும்.

கிலுகிலுப்பைக்கு இன்னொரு வாடிக்கையாளர் உண்டு. நீலவரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள், வாடிய கிலுகிலுப்பைத் தண்டிலும் இலையிலும் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அவை தேடுவது தேனை அல்ல. செடியிலுள்ள ஒருவகை ஆல்கலாய்டு நஞ்சை. அதை வைத்துத்தான் பெண்ணை ஈர்க்கும் வாசனையைச் செய்கின்றன. பறவை தின்னாமலிருக்கக் கசப்பையும் ஏற்றிக்கொள்கின்றன. அதே நஞ்சு ஆடுமாட்டுக்கு ஆகாது. மேயவிடும் இடத்தில் கிலுகிலுப்பையைத் தவிர்த்துவிடுங்கள்.

சின்னத் தேனீக்களுக்குத் துளசிக் குடும்பம். திருநீற்றுப்பச்சிலை, நாய்த்துளசி, வீட்டுத் துளசி எதுவானாலும் சரி. கொம்புத்தேனீயும், சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் வைத்துக் குடியிருக்கும் கொசுத்தேனீயும் இவற்றை மொய்க்கும். கொசுத்தேனீ நான்கு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதனால் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குமேல் போய் இரை தேட முடியாது. இவ்வளவு சின்ன உடம்புக்குப் பக்கத்திலேயே பூ வேண்டும். கால் சென்ட் நிலத்தில் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும் என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மலைத்தேனீக்குக் கால் சென்ட் ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கொசுத்தேனீக்கு அது பெரிய சொத்து.

உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப்பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தேன் சேமிப்பதில்லை. ஒரு பெண், ஒரு வளை, சில குஞ்சுகள், அதுதான் குடும்பம். உலகளவில் முக்கியமான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான கணக்கில், 87 பயிர்கள் ஓரளவுக்காவது விலங்கினங்களின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்திருந்தன. அந்த வேலையில் பெட்டித் தேனீயின் பங்கு நமக்குத் தெரிகிறது. வளைத் தேனீக்களின் பங்கைப் பற்றி நாம் பேசுவது குறைவு. தேன் தராத உயிருக்கு வாரியம் இல்லை, மானியம் இல்லை.

எதை விதைக்கக்கூடாது என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும். காட்டையே விழுங்கிய செடி அது. பார்த்தீனியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெட்டுக்காயப் பூண்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் வறண்ட மாதங்களில் சிறு வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது கொடுக்கும் தேனைப் பார்த்தால் பிடுங்க மனம் வருவதில்லை. விதைக்க மாட்டேன், தானாக வந்தால் விடுவேன் என்பது என் நிலை. நெருஞ்சியின் மஞ்சள் பூவும் தேனீக்களுக்குப் பிடித்ததுதான். வெறுங்காலோடு நடக்கும் வீட்டில் வேண்டாம்.

இனி விதை. காட்டுச்செடியின் விதையைக் கடைக் கீரை விதை போல நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கீரை, கத்தரி, வெண்டை விதைகளை மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, ஈரம் பட்டதும் எல்லாமே ஒன்றாக முளைக்கும்படி பழக்கிவிட்டான். காட்டுச்செடிக்கு அந்தப் பழக்கம் தற்கொலைக்குச் சமம். புரட்டாசியில் கோடை மழை போல ஒரு மழை பெய்து, பிறகு மூன்று வாரம் வெயில் காய்ந்தால், ஒன்றாக முளைத்ததெல்லாம் ஒன்றாகக் கருகும். 1966இல் டான் கோஹன் என்ற இஸ்ரேலிய அறிஞர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்: மழை நிச்சயமில்லாத இடத்தில் வாழும் ஓராண்டுச் செடிக்கு, விதைகளில் ஒரு பங்கை முளைக்கவிட்டு மறுபங்கை மண்ணிலேயே உறங்கவிடுவதுதான் நீண்டகால லாபம். எந்த அளவுக்கு உறங்கும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் விதைகளை மணலோடு கலந்து 20 பாட்டில்களில் போட்டுப் புதைத்தார். இடைவெளி விட்டு ஒவ்வொரு பாட்டிலாகத் தோண்டி எடுத்துவருகிறார்கள். 142 ஆண்டு கழித்து 2021இல் எடுத்த பாட்டிலிலும் வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன.

நம் கலவையில் இந்த உறக்கம் இரண்டு மூன்று விதமாக வரும். ஆவாரை, கொழிஞ்சி, கிலுகிலுப்பை, சங்குப்பூ ஆகியவற்றின் விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. வாரக்கணக்கில் ஊறப்போட்டாலும் கல் மாதிரி கிடக்கும். இயற்கையில் வெயிலின் சூடும், இரவுபகல் மாற்றமும், மண்ணின் உராய்வும் மெதுவாக அந்தத் தோலில் வழி திறக்கும். நாம் அவசரப்படுவதால் உப்புத்தாள் போதும். இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே விதையை வைத்து, பளபளப்புப் போகும்வரை தேய்த்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட வேண்டும். கொதித்து இறக்கிய தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு விதைமேல் ஊற்றி, அப்படியே ஆறவிடுவது இன்னொரு வழி. அடுப்பில் வைத்து வேகவைத்துவிடக் கூடாது. காலையில் பார்த்தால் சில விதைகள் இரண்டு மடங்காக உப்பியிருக்கும். அவை தயார். உப்பாதவற்றை மறுபடி தேய்க்கலாம். ஆனால் என் யோசனை, பாதி விதையைத் தேய்க்காமலேயே தூவுவது. முதல் மழை ஏமாற்றினால் இரண்டாம் ஆண்டுக்கு மண்ணில் கையிருப்பு இருக்கும். கோஹனின் கணக்கை நாமும் கடைப்பிடித்த மாதிரி ஆயிற்று.

பொடி விதைகளின் கதை வேறு. அவற்றில் பல, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். இதைத் துலக்கியது லெட்டூஸ் கீரை விதை. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வகத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு 1952இல் ஈர விதைகளின்மேல் சிவப்பு ஒளியையும், சிவப்புக்கு அப்பாலுள்ள தொலைசிவப்பு ஒளியையும் மாறிமாறிக் காட்டியது. சிவப்பு காட்டினால் முளைத்தன. தொலைசிவப்பு காட்டினால் நின்றன. எத்தனை முறை மாற்றினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதுவே தீர்ப்பு. விதைக்குள் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் இதை உணர்கிறது. இதில் பெரிய சாமர்த்தியம் இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியைத் தனக்கென உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். மேலே இலை மூடியிருந்தால் கீழே கிடக்கும் விதைக்குத் தொலைசிவப்புதான் கிடைக்கும். தலைக்குமேல் கூட்டம் இருக்கிறது, பொறு என்று அது உறங்கும். மண்ணைக் கிளறிய மறுவாரம் களை திமுதிமுவென்று முளைப்பதற்கும் இதே காரணம்தான்: புதைந்து கிடந்தவை ஒருகணம் வெளிச்சம் பார்த்துவிடுகின்றன. நமக்கு இதில் பாடம் எளிது. துளசி, தும்பை போன்ற பொடி விதைகளை மண் போட்டு மூடாதீர்கள். மேலே தூவி, ஒரு பலகையை வைத்து மிதித்து, மண்ணோடு ஒட்டவைத்தால் போதும். பெரிய விதைகளுக்கு அதனதன் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம்.

மூன்றாவது, புது விதையின் பிடிவாதம். தை மாதம் உதிர்ந்த விதை தை மாதமே முளைத்தால் கோடையில் மடியும். அதனால் பல செடிகளின் விதை சில மாதம் உலர்ந்த நிலையில் கிடந்து பழுத்த பிறகே முளைக்கும் தகுதி பெறும். போன பருவத்தில் சேகரித்து, காகிதப் பையில் நிழலில் வைத்திருந்த விதைதான் புரட்டாசிக்கு உகந்தது.

விதை எங்கே கிடைக்கும்? திருநீற்றுப்பச்சிலை விதைதான் நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா என்று விற்கும் விதை. பழையதாக இல்லாவிட்டால் முளைக்கும். சர்பத்துக்குப் போடுவதுபோல ஊறவைத்துவிடாதீர்கள். வழவழப்பு பூசிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்தபடியே தூவினால், மண்ணில் ஈரம் பட்டதும் அந்த வழவழப்பே விதையை இடம்பெயராமல் பிடித்துவைக்கும். சணப்பும் கொழிஞ்சியும் பசுந்தாள் விதையாக விற்கின்றன. எள், கொத்தமல்லி வீட்டிலேயே இருக்கும். காட்டுப்பூ இல்லையென்றாலும் சீக்கிரம் பூத்து இடைவெளியை நிரப்பும். மற்றதை நடந்துதான் சேகரிக்க வேண்டும். காய்ந்து பழுப்பேறிய தும்பைத் தலையைக் காகிதத்தின்மேல் கவிழ்த்துத் தட்டினால் கரும்பழுப்பு விதைகள் உதிரும். ஒரே செடியை மொட்டையடிக்காமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் போய் எடுப்பது சட்டப்படி குற்றம். தெருவோரமும் தரிசும் தாராளமாகப் போதும். கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் மருந்து தடவிய விதை என்று பொருள். பயிர் விதைகளில் பூசப்படும் நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி செடிக்குள் ஊடுருவி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும். தேனீக்கு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் அவற்றில் மூன்றை 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. விருந்துக்கு அழைத்துவிட்டு விஷம் வைக்கக் கூடாதே.

மண்ணைப் பற்றிச் சொன்னால் தோட்டக்காரர்கள் நம்ப மாட்டார்கள்: எரு போடாதீர்கள். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் லாஸ், கில்பர்ட் இருவரும் 1856இல் ஒரு புல்வெளியைப் பாத்தி பிரித்து, வெவ்வேறு உரமிட்டு, உலர்புல் விளைச்சல் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். சோதனை இன்றும் நடக்கிறது. உரமே காணாத பாத்திகளில் 40 வகைச் செடிகள்வரை நிற்கின்றன. அமோனிய உரம் மிகுதியாக இட்டு, சுண்ணாம்பு இடாமல் மண் புளித்துப்போன பாத்திகளில் இரண்டு மூன்று வகைப் புல் மட்டும் மிச்சம். சத்து கூடினால் வேகமாக வளர்கிறவன் மற்றவர்களை நிழலில் அமுக்கிவிடுவான். நம் ஊரில் அந்த வேகக்காரர்கள் பார்த்தீனியம், கோரை, அருகு. தும்பைக்கும் ஆவாரைக்கும் வறட்டு மண்ணே போதும். செம்மண் சரளையில்கூட ஆவாரை எப்படி நிற்கிறது என்று நெடுஞ்சாலையில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

எருவுக்குப் பதில் களையில் உழைப்பைப் போடுங்கள். ஆவணியில் இடத்தைக் கொத்தி, கோரைக்கிழங்கையும் அருகு வேரையும் பொறுக்கி எடுத்து, தண்ணீர் விட வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் களை முளைக்கும். கொத்தாமல், மேலாகச் செதுக்கி எடுத்துவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியிலுள்ள விதைகளுக்கு வெளிச்சம் காட்டியதாகிவிடும். இன்னொரு முறை தண்ணீர், இன்னொரு முறை செதுக்கல். இந்த ஒரு மாதப் பொறுமை இல்லாதவர்கள்தான் மார்கழியில் எது களை, எது பூச்செடி என்று தெரியாமல் விழிப்பார்கள்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அது ஐப்பசித் தொடக்கத்தில் பிடிக்கும். பெரிய விதைகளைப் புரட்டாசிக் கடைசியில் போட்டுவிடலாம். பொடி விதைகளை முதல் அடைமழை அடித்து ஓய்ந்தபின் தூவுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த வீட்டு வாய்க்காலில்தான் முளைக்கும். தென்மேற்குப் பருவ மழை பெறும் மேற்கு மாவட்டத்தினர் ஆடியிலேயே தொடங்கலாம். பொடி விதையைப்போல நான்கைந்து மடங்கு உலர்ந்த மணலைக் கலந்து, பாதியைக் கிழக்குமேற்காகவும் மீதியைத் தெற்குவடக்காகவும் வீசினால் சீராக விழும். மணல் விழுந்த இடம் வெளுப்பாகத் தெரிவதால் விட்டுப்போன இடமும் தெரிந்துவிடும். ஆவாரையை வீச வேண்டாம். ஆள் உயரத்துக்கு வளரும் புதர் என்பதால் வடக்கோரத்தில் இரண்டு மூன்று குழியில் மட்டும் ஊன்றினால் அதன் நிழல் மற்றதன்மேல் விழாது. எறும்பு ஒரு தொல்லைதான். விதையை வெளியே கிடக்கவிடாமல் அன்றே மிதித்துப் பூவாளியால் நனைத்துவிட்டால் இழப்பு குறையும். மழை தவறினால் முதல் மூன்று வாரம் மட்டும் தண்ணீர் காட்டுங்கள். பிறகு செடியே பார்த்துக்கொள்ளும்.

முதல் ஒன்றரை மாதம் அந்த இடம் பார்க்க நன்றாக இருக்காது. வருகிறவர்கள் ஏன் இப்படிப் புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்பு வராதா என்று கேட்பார்கள். நடைபாதை ஓரம் ஒரு முழ அகலத்துக்கு ஒழுங்காக வெட்டி, நான்கு கல்லை வரிசையாக வைத்துவிட்டால் அந்தக் கேள்வி பாதி குறையும். வேண்டுமென்றே வளர்த்தது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கார்த்திகையில் கொத்தமல்லியும் எள்ளும் சணப்பும் பூக்கும். மார்கழி, தையில் தும்பையும் துளசியும். ஆவாரை முதல் ஆண்டில் பெரிதாகப் பூக்காது. அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம்.

பூ மட்டும் போதாது, வீடும் வேண்டும். அமெகில்லா உட்படத் தனித்து வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டுபவை. இன்று தோட்டம் போடுகிறவர்கள் வெறும் மண்ணைப் பார்த்தாலே தேங்காய்நார்க் கழிவையோ காய்ந்த இலையையோ போட்டு மூடிவிடுகிறார்கள். கத்தரிக்கு மூடாக்கு நல்லதுதான். வெயில் விழும் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி மண்ணை மட்டும் மூடாமல், கொத்தாமல், தண்ணீர் தேங்காமல் விட்டுவையுங்கள். தச்சன் தேனீக்கு ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையோ மூங்கிலோ போதும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் காய்ந்த தண்டுகளைப் பாருங்கள். ஆண் அமெகில்லாக்கள் தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக உறங்கும். ஆண்களுக்கு வளை கிடையாது. பூச்சிமருந்தை மாலையில் அடித்தால் தேனீக்குப் பாதிப்பில்லை என்று சொல்லும் ஆலோசனை, மாலையில் கூடு திரும்பும் பெட்டித் தேனீயை மனத்தில் வைத்துச் சொன்னது. தண்டிலேயே உறங்கும் இவற்றுக்கு அது பொருந்தாது. கத்தரிக்கு மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால், வேப்பெண்ணெயானாலும், சாரல் பூப்பாத்திப் பக்கம் வராத நேரம் பார்த்து அடியுங்கள்.

மாசி, பங்குனியில் எல்லாம் காய்ந்துவிடும். உடனே வெட்டிக் கொளுத்த வேண்டாம். விதை முற்றி உதிரும்வரை நிற்கட்டும்; பிறகு முழங்கால் உயரத்துக்கு அரிந்தால், நிற்கும் தண்டின் பொந்துகளில் சில சிறு தேனீக்கள் குடியேறும். அரிந்ததை அங்கேயே மக்கவிடாமல் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள். மக்கினால் மண்ணில் சத்து ஏறும், சத்து ஏறினால் கோரைக்குத்தான் கொண்டாட்டம். இரண்டாம் ஆண்டில் கலவை நீங்கள் போட்டபடி இருக்காது. கொத்தமல்லி அநேகமாகக் காணாமல் போயிருக்கும். துளசி நான்கு மடங்கு பெருகியிருக்கும். தூவாத விஷ்ணுகிரந்தி எங்கிருந்தோ வந்து தரையோடு நீலமாகப் பூத்திருக்கும். துளசியைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, வெறுமையான இடத்தில் மட்டும் மீண்டும் தும்பை தூவினால் போதும். மாசியில் சேகரித்த விதையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். காகிதப் பையில் போட்டு, செடியின் பெயரையும் மாதத்தையும் எழுதி, எறும்பு ஏறாத இடத்தில் வையுங்கள்.